நிறத்துக்கு ஒரு நம்பர்

ஜூலை 18, வெள்ளி

இதை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஆல்பர்ட் தம்பி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நம் கடைக்குக் கம்ப்யூட்டரும் பார்கோடு மிஷினும் கொண்டுவந்து மாட்டியவர் அவர்தான். தூத்துக்குடிப் பையன்.

"அக்கா, தெனமும் கடையில என்ன செஞ்சீங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்க. எங்கயாவது தப்பாயிட்டா நான் போன்லயே கேட்டுக் கண்டுபிடிச்சிருவேன்" என்றார்.

சரி, முதல் நாள். நம்முடையது கோவில்பட்டியில் மேட்சிங் சென்டர். பெண்கள் சேலையோடு வருவார்கள், அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை நாங்கள் எடுத்துக் கொடுப்போம். நாங்கள் என்றால் இவரும் (என் வீட்டுக்காரர், பாலகுருசாமி), நானும், துணி வெட்டும் பாக்கியமும். மூன்று பக்கமும் தரையிலிருந்து கூரை வரை துணிச்சுருள்தான். பாக்கியம் கவுன்டரிலிருந்து, "அண்ணாச்சி, மாந்துளிர்ல ஒண்ணு!" என்று கத்துவாள். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுப்பார். ஊரே இதைச் சொல்லி மெச்சும்.

ஆனால் பஜாரில் புதுசாக வந்த கடையில் ஒவ்வொரு துணிக்கும் 'பீப்' என்று சத்தம் வருகிறது. நம் கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அதனால்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். ஆடியில் வியாபாரம் மந்தம், வேலையை முடித்துவிடலாம்.

இவர் ஸ்கேனரைப் பார்த்து, "துப்பாக்கியெல்லாம் எதுக்கு?" என்றார்.

ஜூலை 19, சனி

நிறங்களுக்குப் பெயர் ஏற்றும் வேலை. ஆல்பர்ட் முன்கூட்டியே பச்சை, வெளிர்பச்சை, கரும்பச்சை என்று மூன்றைப் போட்டு வைத்திருந்தார். பச்சை முடிந்ததாம்.

இவர் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, வேப்பங்கொழுந்து, வெங்காயத்தாள், பிஞ்சுப் புடலை.

"அக்கா, பச்சைன்னா பச்சைதானக்கா?" என்றார் ஆல்பர்ட்.

பாக்கியம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலயோ?"

ஆகவில்லையாம். "அப்ப சரி" என்று மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

பிஞ்சுப் புடலைக்கும் வெங்காயத்தாளுக்கும் வெவ்வேறு நம்பர் கொடுத்தேன். ஆல்பர்ட் ரெண்டையும் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "அடுத்தது சொல்லுங்கக்கா" என்று வந்து உட்கார்ந்தார்.

ஜூலை 21, திங்கள்

ஸ்டிக்கர் துணியில் ஒட்டவில்லை. ஒட்டினாலும், உரித்தால் நூலோடு வருகிறது. பாக்கியம்தான் அட்டையில் ஒட்டி, அட்டையைத் தையல் நூலால் சுருளில் கட்டலாம் என்றாள். கட்டினோம். இப்போது ஒவ்வொரு சுருளுக்கும் காதில் தொங்கட்டான் போட்ட மாதிரி இருக்கிறது.

மத்தியானம் பாக்கியம் தன் பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்து பார்த்தாள். 'பொருள் இல்லை' என்று வந்தது. "கையில வச்சிருக்கேன், இல்லங்குது பாருங்க மதினி" என்று கோபித்துக்கொண்டாள்.

பீப் சத்தம் நன்றாக இருக்கிறது. சும்மாவே நாலைந்து தடவை அழுத்தினேன்.

ஜூலை 23, புதன்

இன்று சண்டை.

நம்பர் போட்டாயிற்று, இனி சுருள்களையும் நம்பர் வரிசைப்படி அடுக்க வேண்டும் என்றேன். 1001 முதல் தட்டில், அப்படியே இடமிருந்து வலம். இதில் என்ன தப்பு?

"அடுக்கி இருக்குறத மட்டும் மாத்தாத" என்றார் இவர்.

"ஏன்?"

"எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். எனக்கும் பாக்கியத்துக்கும் தெரிய வேண்டாமா? நாளைக்கே நீங்க ஒரு விசேஷத்துக்குப் போனா?"

"நான் எந்த விசேஷத்துக்கும் போகல."

இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்தே இப்படித்தான். வீட்டில் உப்பு டப்பாவை இடம் மாற்றினாலும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். ஆண்களுக்கு மாற்றம் ஆகாது. பாக்கியம் என் பக்கமா அவர் பக்கமா என்று கேட்டேன். அவள் குண்டூசி பொறுக்கப் போய்விட்டாள்.

ஜூலை 25, வெள்ளி

அடுக்கி முடித்தோம். 1001-இலிருந்து வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயரில் நிற்கிற மாதிரி நிற்கின்றன. எனக்குக் கண் நிறைந்துபோனது.

இவர் கடைக்கு வந்தார், பார்த்தார், தண்ணீர் குடித்தார், பேப்பர் வாங்கி வருகிறேன் என்று போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். கையில் பேப்பர் இல்லை.

ஜூலை 26, சனி

மாம்பழ மஞ்சள் கேட்டால் சந்தனத்தை எடுத்துத் தருகிறார். கேட்டால், "உன் நம்பர்கிட்டயே கேளு" என்கிறார். வீம்பு.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். அம்மனுக்கு வளைகாப்பு என்று பாக்கியம் லீவு. பார்த்து இன்றைக்குத்தான் ஈரோட்டிலிருந்து புதுச் சரக்கு வந்து இறங்கியது. எப்போதும் மூட்டையைப் பிரிப்பது பாக்கியம்தான். ஒவ்வொன்றாக எடுத்து நிறத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வைப்பாள். அவள் நாளைக்கு வரட்டும் என்றார் இவர். நான் விடவில்லை. சரக்கு வந்த அன்றே நம்பர் ஏற்றிவிட வேண்டும் என்பது ஆல்பர்ட் சொன்ன முதல் விதி.

இவர் பிரித்துச் சொன்னார், நான் திரையைவிட்டுத் தலை நிமிராமல் தட்டினேன். எனக்கு இன்னும் ஒற்றை விரல்தான்.

"அரக்கு... காப்பி... கருநீலம்."

கருநீலத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "என்ன யோசனை?" என்றேன். "ஒண்ணுமில்ல, கருநீலம்தான்" என்றார். 1143.

பாக்கியம் இல்லாமலே முடித்துவிட்டோம். நாளைக்கு அவளிடம் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஜூலை 30, புதன்

ட்யூப் லைட் மங்கலாக எரிகிறது என்றார் இவர். மாற்றினேன்.

இப்போது புதுப் பழக்கம் ஒன்று. சேலையோடு யார் வந்தாலும், "நீங்களே ஒரு கலர் சொல்லுங்கம்மா" என்கிறார். ரெண்டு சுருளை எடுத்துக் கொடுத்து, "வாசல்ல வெயில்ல வச்சுப் பாருங்க, எது சேருதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்கிறார். வாடிக்கையாளருக்கு மரியாதையாம். நல்லதுதான். இன்றைக்கு ஒரு அம்மாள், "நீங்க சொல்லுவீகன்னுதான வந்தோம்" என்றதற்கு இவருக்கு வேர்த்துவிட்டது. ஆடிக் காற்று அப்படி வீசுகிறது, இவருக்கு வேர்க்கிறது.

ட்யூப் லைட் புதுசும் சரியில்லை போல. வேறு கம்பெனி பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று என் வாழ்க்கையில் முக்கியமான நாள். துணியைப் பார்க்காமலே ஒரு வியாபாரம் முடித்தேன்!

நம் கடைக்கு வாடிக்கையாக வரும் கோமதி டீச்சர் போன் செய்தார். அவர் மகளுக்கு வைகாசியில்தான் கல்யாணம் ஆனது, சாத்தூரில் மாப்பிள்ளை வீடு. பதினெட்டாம் பெருக்குக்கு ஆடிச்சீர் கொண்டுபோகிறார்கள். சம்பந்தியம்மாளுக்கு எடுத்த சேலை கருநீலம். "கருநீலத்துல ரவிக்கைத் துணி வெட்டி, அழகா பொதிஞ்சு வச்சிருங்க. எனக்கு நேரமில்ல, ஆள் அனுப்புதேன்" என்றார்.

கம்ப்யூட்டரில் கருநீலம் என்று தட்டினேன், 1143 என்றது. "1143!" என்று கத்தினேன். இவர் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து எடுத்தார், வெட்டினார், ஜிகினாக் காகிதத்தில் பொதிந்தார். பீப். பில்லிலும் கருநீலம் என்றே அச்சாகி வந்தது. பாக்கியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஆள் வந்து வாங்கிப் போயாயிற்று.

இவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். "நம்பர் நல்லதுதான்போல" என்றார். நான் ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

ட்யூப் லைட் மறுபடி மாற்றினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் தப்பு நடந்த அன்றுதான் எழுத வேண்டும் என்று ஆல்பர்ட் சொல்லியிருக்கிறார்.

காலையில் கடை திறந்ததும் கோமதி டீச்சர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, ஜிகினாக் காகிதத்தைக் கவுன்டரில் போட்டார்.

"அண்ணாச்சி, இது என்ன கலர்?"

இவர் துணியைத் தொட்டார். "கருநீலம், டீச்சர்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"கருநீலம்தான் டீச்சர். பில்லுலயும் இருக்கே."

"கருப்பு அண்ணாச்சி! கன்னங்கரேல்னு கருப்பு! புதுச் சம்பந்தி வீட்டுக்கு, முதல் ஆடிச்சீருக்கு, தட்டுல மஞ்சள் குங்குமத்தோட கருப்புத் துணிய வச்சுக் குடுத்துட்டு வந்திருக்கேன். அவுக பொண்ணு துணியத் திருப்பிக் கையில குடுத்து, எல்லார் முன்னாலயும் கேக்குதா, 'இது என்ன சாபமா, சீரா'ன்னு. எம் மக அழுதுக்கிட்டே போன் பண்ணுதா."

நான் துணியை எடுத்து வாசலுக்கு ஓடினேன். வெயிலில் விரித்தேன். கருப்பு.

உடனே ஆல்பர்ட்டுக்குப் போன் செய்து வாயில் வந்தபடி ஏசினேன். உங்கள் மிஷின் கருப்பை நீலம் என்கிறது, சீர் கெட்டுப்போனது, குடும்பம் கெட்டுப்போகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, மிஷினுக்குக் கண்ணு கிடையாது. நீங்க சொன்னதத்தான் அது திருப்பிச் சொல்லும். அன்னைக்கு அந்த நம்பருக்கு யாரு கலர் சொன்னா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் எழுந்தால் இவரைக் காணவில்லை. கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது.

உள்ளே சுருள்களையெல்லாம் தரையில் இறக்கிப் போட்டிருந்தார். நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நீட்டிப் பார்த்து, பழைய இடத்தில் வைக்கப் பார்க்கிறார். முடியவில்லை. ஊதாவும் காப்பியும் கருப்பும் ஒரே குவியலாகக் கிடந்தன.

"என்னங்க செய்யுதீக?"

"எடம் தெரிஞ்சாத்தான் எனக்கு நெறம் தெரியும் தமயந்தி" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் ட்யூப் லைட்டை ரெண்டு தடவை மாற்றியவள் நான்தானே.

"எப்ப இருந்து?"

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து. பொகைக்குள்ள பாக்குற மாதிரி. வெள்ளையெல்லாம் பழுப்பா தெரியுது. கருப்பும் நீலமும் ஒண்ணாத்தான் தெரியுது."

"ஏன் சொல்லல?"

"எப்பிடிச் சொல்ல? நெறம் தெரியாதவன் மேட்சிங் சென்டர் வச்சிருக்கான்னு ஊரு சிரிக்காதா?"

நான்தான் முதலில் சிரித்தேன். அடக்க முடியவில்லை. அப்புறம் அவரும் சிரித்தார். அப்புறம் நான் சிரிக்கவில்லை.

பாக்கியம் வந்து எங்கள் ரெண்டு பேரையும் குவியலையும் பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே தெரியுமாம்! "பின்ன நான் எதுக்குத் தொண்டை வறளக் கலர் பேரக் கத்திக்கிட்டு இருந்தேன்னு நெனச்சீக மதினி?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"அவுகளே சொல்லாதத நான் எப்பிடிச் சொல்ல?"

ஆல்பர்ட்டிடம் நேற்று ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அடுக்கு வரிசை கலைந்துவிட்டதே, இனி என்ன செய்வது என்றும் கேட்டேன். "சுருள் எங்க இருந்தா கம்ப்யூட்டருக்கு என்னக்கா? அட்டை அதுலயே இருந்தாப் போதும். வரிசையா அடுக்கணும்னு நான் சொல்லவே இல்லையே" என்றார்.

உண்மைதான். அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாத்தூர் போய் வந்தோம். நான், இவர், கோமதி டீச்சர். பஸ்ஸில் டீச்சர் எங்களோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். என் மடியில் அந்தக் கருப்புத் துணி, அதன்மேல் புது ரவிக்கைத் துணி. பாக்கியம் பார்த்து, நான் பார்த்து, எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிட்டும் காட்டி எடுத்த கருநீலம்.

போகும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். தப்பு என்மேல் இருக்கட்டும்.

சம்பந்தியம்மாள் பெயர் சீனியம்மாள். கட்டிலில் காலை மடித்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். அவர் மகள் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சரின் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளை முகம் வாடிப் போயிருந்தது.

"அம்மா, தப்பு என்னோடது" என்று தொடங்கினேன். "புதுசா மிஷின் வாங்கி, நான்தான் நம்பர் அட்டைய மாத்திக் கட்டிட்டேன். டீச்சர் கேட்டது கருநீலம்தான். அவுகமேல..."

"அவ கட்டல" என்றார் இவர்.

நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"அவ பொய் சொல்லுதா. நான்தான் நெறம் சொன்னேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கருப்பக் கருநீலம்னு நெனச்சுட்டேன். ஆறேழு மாசமா ஒருத்தருக்கும் சொல்லாம மறைச்சுட்டேன். டீச்சர்மேல குத்தமில்ல. அவுக மகமேலயும் இல்ல."

கோமதி டீச்சர் இவரை இப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

சீனியம்மாள் கையை நீட்டி, "அந்தக் கருப்புத் துணியக் கொண்டா" என்றார். வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்தார். அப்புறம் தூரத்தில் பிடித்தார்.

"இது கருப்பா?"

"ஆமாம்மா" என்றாள் மகள் எரிச்சலாக.

"எனக்கு நீலமால்ல தெரியுது! தட்டுல பாத்ததுமே, சேலைக்கு நல்லாச் சேருதேன்னுதான் நெனச்சேன். நீதான் கருப்பு கருப்புன்னு குதிச்ச. சின்னப் பிள்ளைக கண்ணுக்குத் தெரிஞ்சாச் சரியாத்தான் இருக்கும்னு நானும் கோவமா இருந்தேன்."

எல்லாரும் அவரையே பார்த்தோம். இவர் மட்டும் மெல்ல நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அக்கா, லைட்டப் பாத்தா சுத்தி வட்டம் தெரியுதா?"

"தெரியுதே! ஒங்களுக்கும் தெரியுதா?"

"தெரியும். எதுத்தாப்புல வண்டி வெளிச்சம் அடிச்சா?"

"ஐயோ, கண்ணக் கட்டிரும். பாலும் மோரும் ஒண்ணாத் தெரியுமே, அது?"

"ரெண்டும் பழுப்பு!"

வெளியூரில் ஒரே தெருக்காரர்கள் சந்தித்துக்கொண்ட மாதிரி ரெண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். மகள் கட்டியிருந்த கையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டாள். டீச்சரின் மகள் காப்பி கொண்டுவந்தாள். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினதை நான் பார்த்தேன்.

புதுத் துணியைக் கொடுத்தேன். "எது எதுன்னு எனக்கு வித்தியாசம் தெரியல, ரெண்டும் இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார் சீனியம்மாள்.

திரும்பி வரும்போது டீச்சர் எங்கள் சீட்டிலேயே உட்கார்ந்தார். கடலைமிட்டாய் வாங்கித் தந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

கண் டாக்டரிடம் காட்டினோம். கண்புரை. ரெண்டு கண்ணிலும். வலது கண் முற்றிவிட்டது, உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும், இடது கண்ணை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்.

இவர் வெளியே வந்து, "சொட்டு மருந்துல சரியாகாதான்னு கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. சீனியம்மாளுக்கும் கண்புரைதானாம், இவரும் அவரும் ஒரே நாள், ஒரே வரிசை. ரெண்டு பேர் நெற்றியிலும் எந்தக் கண் என்று அடையாளம் ஒட்டியிருந்தார்கள். "நமக்கும் அட்டை கட்டிட்டாங்க அண்ணாச்சி" என்றார் சீனியம்மாள். சாத்தூரில் இவரிடம் நம் கடை அட்டை விவரமெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

முதலில் கூப்பிட்டது இவரை. எழுந்தார், பாத்ரூம் போக வேண்டும் என்றார். போய்விட்டு வந்தார், மறுபடி போக வேண்டும் என்றார். நர்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, நீங்க வாங்க" என்று சீனியம்மாளைக் கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் கண்ணில் கட்டோடு நடந்தே வந்து, "காப்பி கெடைக்குமா?" என்று கேட்டார்.

அதைப் பார்த்ததும் இவர் எழுந்து உள்ளே போனார். உள்ளே போகும்வரை என் கையை விடவில்லை. பிடித்த இடம் வலிக்கிறது. எழுதுவதும் கோணல் மாணலாக வருகிறது.

ஆகஸ்ட் 13, புதன்

கட்டுப் பிரித்தார்கள். இவர் எதிரே பார்த்தார்.

"இந்தச் செவரு வெள்ளையா?" என்று கேட்டார்.

"வெள்ளைதான் ஐயா" என்றார் நர்ஸ்.

ஒன்றுமில்லாத சுவர். ஒரு காலண்டர்கூட இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வடிந்தது. சொட்டு மருந்து அப்படித்தான் செய்யும் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு யாரும் மருந்து போடவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆவணி பிறந்து முகூர்த்தக் கூட்டம். இவர் கறுப்புக் கண்ணாடியோடு இன்றுதான் கடைக்கு வந்தார். வந்ததும் வேலை கெட்டது. ஒவ்வொரு சுருளாக எடுத்து, "இதுக்குப் போயி யாரு வாடாமல்லின்னு பேரு வச்சது?" என்கிறார். நீங்கள்தான் என்றேன். பேரை மாற்று என்கிறார். கூட்டத்தை வைத்துக்கொண்டு எட்டு சுருளுக்குப் புது அட்டை அடித்தேன். 1143-ஐ அவரே கொண்டுவந்து, "கருப்பு. போட்டுக்க" என்று திரைக்கு முன்னால் வைத்தார். ஸ்கேனரை அவர் கையில் கொடுத்தேன். பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் கத்துவதை நிறுத்திவிட்டாள். கடை அமைதியாக இருப்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையால் ஒரு கண்ணை மூடி என்னைப் பார்த்தார். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடிப் பார்த்தார்.

"என்ன பாக்குதீக?"

"வலது கண்ணுல எல்லாம் பளிச்சுனு தெரியுது. உன் சேலை, தோடு, எல்லாம். இடது கண்ணுல அதே பழைய பொகைதான்."

"அடுத்த மாசம் அதையும் சரி பண்ணிரலாம்."

"பண்ணலாம்" என்றார். மறுபடி வலது கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா இதுல பாத்தா உனக்கு ஒரு நரைகூட இல்ல தமயந்தி."

பாக்கியம் குண்டூசி பொறுக்கக் குனிந்தாள். தரையில் ஒரு குண்டூசிகூட இல்லை, நான் பார்த்தேன்.

இன்றைய வேலை: புது அட்டை எட்டு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து இடது கண்ணுக்குத் தேதி வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியில் மருதாணிப் பொடி ஒரு பாக்கெட். அது கடைக் கணக்கில் வராது. ஆல்பர்ட்டுக்கும் சொல்ல வேண்டியதில்லை.